தக்காளி விலையும் வீட்டுக் கடன் இஎம்ஐயும்: பணவீக்கத்தை ஆர்பிஐ எப்படிக் கணிக்கிறது?

தர்மபுரி மாவட்டம் ஏரியூர் பக்கம் மழை பொய்த்தால் விளைச்சல் குறையும், காய்கறி விலை ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால், அதே ஊரிலிருந்து பெங்களூரு போய் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டுக் கடன் இஎம்ஐக்கும் இந்த விலைக்கும் தொடர்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரிசர்வ் வங்கியின் (ஆர்பிஐ) பணவீக்கக் கணிப்பு.

கணிப்பு எதற்கு?

2016-ல் திருத்தப்பட்ட ஆர்பிஐ சட்டப்படி, சில்லறைப் பணவீக்கத்துக்கான இலக்கு 4 சதவீதம். அது 2-க்குக் கீழே இறங்கவோ, 6-க்கு மேலே ஏறவோ கூடாது. இதற்காக ரெப்போ வட்டியை 6 பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு முடிவு செய்கிறது. வட்டியை இன்று மாற்றினால், பலன் முழுசாகத் தெரியப் பல மாதங்கள் ஆகும். அதனால் இன்றைய விலை மட்டும் போதாது. வரப்போகும் விலையும் தெரிய வேண்டும்.

எப்படிக் கணிக்கிறார்கள்?

இதற்கு ஒரே ஃபார்முலா கிடையாது. பழைய விலைப் போக்கை வைத்து அடுத்த மாதங்களைக் கணிப்பது ஒரு வழி. கச்சா எண்ணெய், ரூபாய் மதிப்பு, வட்டி, உற்பத்தி ஆகியவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி. குடும்பங்களிடமும் பொருளாதார நிபுணர்களிடமும் கருத்துக் கணிப்பும் நடக்கிறது. பல கணிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றின் பிழையை இன்னொன்று ஓரளவு ஈடுகட்டும்.

அதென்ன விசிறிப் படம்?

ஆர்பிஐ ஒற்றை எண்ணோடு நிறுத்துவதில்லை. நடுக்கோட்டைச் சுற்றி 50, 70, 90 சதவீத வாய்ப்புள்ள பட்டைகளை வரைகிறது. காலம் தள்ளிப் போகப் போக நிச்சயமின்மை கூடும். பட்டையும் விசிறி மாதிரி விரியும். 90 சதவீதப் பட்டை என்றாலும், 10 சதவீதம் வெளியே போக வாய்ப்பு இருக்கிறது.

கணக்கு தப்பிய இரண்டு தருணங்கள்

2022 பிப்ரவரியில், 2022-23 நிதியாண்டுக்கு 4.5 சதவீதம் என்று ஆர்பிஐ கணித்தது. அதே மாதம் உக்ரைன் போர் தொடங்கியது. எண்ணெய், உணவுப் பொருள் விலை எகிறியது. ஆண்டு சராசரி 6.7 சதவீதத்தில் முடிந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 சதவீதமானது.

அடுத்தது தக்காளி. 2023 ஜூனில், ஜூலை-செப்டம்பர் காலாண்டுக்கான கணிப்பு 5.2 சதவீதம். ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஆகஸ்ட் 10-ல் கணிப்பை 6.2 ஆக உயர்த்திய ஆர்பிஐ, வட்டியை மட்டும் தொடவில்லை. காய்கறி விலையேற்றம் சீக்கிரம் தணியும் என்பது அதன் வாதம். நான்கு நாள் கழித்து ஜூலைப் பணவீக்கம் 7.44 சதவீதம் என்று வந்தது. ஆனாலும் செப்டம்பரில் அது 5.02-க்கு இறங்கியது.

இரண்டு முறையும் எண் தப்பியது. ஆனால், முதல் அதிர்ச்சி நீடித்தது, இரண்டாவது தணிந்தது. எது நீடிக்கும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் கணிப்பில் கஷ்டமான வேலை.

நமக்கு என்ன?

25 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7-லிருந்து 9.5 சதவீதமானால், இஎம்ஐ சுமார் 19,380 ரூபாயிலிருந்து 23,300 ஆகும். மாறும் வட்டியில் கடன் வாங்குபவர்கள், இன்றைய வட்டியோடு 2 சதவீதம் கூட்டியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆர்பிஐயே விசிறி விரித்துத்தான் பார்க்கிறது.