கொரோனா வைரசு: தொற்று, மீள்தொற்று, நிர்ப்பீடனம்

சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்கு அது மீண்டும் வருவது மிக அரிது. தடிமனோ ஆண்டுதோறும் வருகின்றது. இரண்டும் வைரசுக்களால் ஏற்படும் நோய்களே. தடிமனுக்குப் பல வகையான வைரசுக்கள் காரணமாக இருப்பது இவ்வேறுபாட்டுக்கு ஒரு விளக்கமாகும். எனினும் ஒரே வகை வைரசு ஒருவரை மீண்டும் மீண்டும் தொற்றுவதும் உண்டு. இது எவ்வாறு நிகழ்கின்றது? கோவிட்-19 உலகெங்கும் பரவிய 2020 ஆம் ஆண்டில் இவ்வினா மனித உயிர்களுடன் நேரடியாகத் தொடர்புற்றது. ஆய்வுகள் தரும் விடையைப் படிமுறையாக நோக்குவோம்.

1. முதலில் அறிய வேண்டிய வேறுபாடு

வைரசு உடற்கலங்களினுள் புகுந்து பெருகுதல் தொற்று எனப்படும். அத்தொற்றினால் காய்ச்சல், இருமல் போன்ற அறிகுறிகள் தோன்றுதல் நோய் எனப்படும். தொற்று ஏற்பட்ட அனைவரும் நோயுறுவதில்லை. ஆகவே “நிர்ப்பீடனம் உண்டா?” என்று வினவும்போது, தொற்றுக்கு எதிரானதா, நோய்க்கு எதிரானதா, கடும் நோய்க்கு எதிரானதா என்பதையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவேயாகும்.

2. கொரோனா வைரசுக்கள்

இவை ஆர்.என்.ஏ.யைப் பிறப்புரிமைப் பொருளாகக் கொண்டவை. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கும்போது மேற்பரப்பிலுள்ள முட்கள் முடி போன்று தோற்றமளிப்பதால் 1968 இல் இவற்றுக்கு இப்பெயர் இடப்பட்டது. இவ்வைரசுக்களின் தோற்றத்தை முதலில் இனங்கண்டவர்களுள் ஜூன் அல்மேய்டா என்னும் பெண் விஞ்ஞானி முக்கியமானவர்.

மனிதரைத் தொற்றும் கொரோனா வைரசுக்கள் ஏழு அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 229ஈ, ஓ.சி.43, என்.எல்.63, எச்.கே.யூ.1 ஆகிய நான்கும் பெரும்பாலும் சாதாரண தடிமனையே ஏற்படுத்துகின்றன. சார்ஸ் (2002), மேர்ஸ் (2012), கோவிட்-19 (2019) ஆகிய நோய்களுக்குக் காரணமானவை ஏனைய மூன்றுமாகும்.

3. உடலின் தூண்டற்பேறு

வைரசு உட்புகுந்ததும் உடல் இரு வழிகளில் எதிர்ச்செயற்படுகின்றது.

(அ) பீ நிணநீர்க்குழியங்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றன. இவை வைரசின் ஸ்பைக் எனப்படும் முட்புரதத்துடன் இணைந்து, அது கலத்தின் வாங்கியுடன் இணைவதைத் தடுக்கின்றன.
(ஆ) ரீ நிணநீர்க்குழியங்களுள் ஒரு வகை, ஏற்கெனவே வைரசு புகுந்துவிட்ட கலங்களை இனங்கண்டு அழிக்கின்றது. இன்னொரு வகை பீ நிணநீர்க்குழியங்களின் செயற்பாட்டுக்கு உதவுகின்றது.

தொற்று நீங்கியபின் இக்கலங்களுட் பல இறந்துவிட, சில ஞாபகக் கலங்களாக எஞ்சுகின்றன.

4. சோல்ஸ்பரி பரிசோதனை

இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அருகில் 1946 முதல் 1990 வரை தடிமன் ஆய்வு நிலையமொன்று இயங்கியது. அங்கு தொண்டர்களுக்கு வைரசு வேண்டுமென்றே செலுத்தப்பட்டு விளைவுகள் அவதானிக்கப்பட்டன. 1990 இல் வெளியான ஆய்வொன்றில் 15 தொண்டர்களுக்கு 229ஈ வைரசு செலுத்தப்பட்டது. அவர்களுள் 10 பேர் தொற்றுக்கு உள்ளாகினர். இந்தப் 10 பேருள் 8 பேருக்குத் தடிமன் ஏற்பட்டது. தொற்றுக்குள்ளானவர்கள், தொடக்கத்திலேயே பிறபொருளெதிரிச் செறிவு குறைவாக இருந்தவர்களாவர். இவர்களில் பிறபொருளெதிரிகள் ஒரு வாரத்தின் பின் அதிகரிக்கத் தொடங்கி, மேலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெதுவாகக் குறைந்தன.

ஓராண்டின் பின் அதே வைரசு மீண்டும் செலுத்தப்பட்டது. முன்னர் தொற்றுற்றவர்களுட் சிலர் மீண்டும் தொற்றுற்றனர். ஆனால் அவர்கள் வைரசை வெளியேற்றிய காலம் முன்னரிலும் குறுகியது. ஒருவருக்கேனும் தடிமன் ஏற்படவில்லை. அதாவது, தொற்றுக்கு எதிரான பாதுகாப்புத் தளர்ந்திருந்தது. நோய்க்கு எதிரான பாதுகாப்பு நிலைத்திருந்தது.

5. இயற்கைச் சூழலில் மீள்தொற்று

அம்ஸ்ரடாம் நகரில் 10 பேரிடமிருந்து 1985 முதல் பல ஆண்டுகளாகப் பெறப்பட்ட குருதி மாதிரிகள் 2020 இல் ஆராயப்பட்டன. பிறபொருளெதிரிகள் மீண்டும் உயர்ந்த சந்தர்ப்பங்கள் மீள்தொற்றாகக் கருதப்பட்டன. தடிமன் கொரோனா வைரசுக்களின் மீள்தொற்று 12 மாதங்களின் பின் அடிக்கடி காணப்பட்டது. அரிதாக 6 மாதங்களிலும் நிகழ்ந்தது.

கோவிட்-19 இன் மீள்தொற்று 2020 ஓகஸ்ட்டில் ஹொங்கொங்கில் முதன்முறையாக மரபணுச் சான்றுடன் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு 142 நாள் இடைவெளியில் இரு தொற்றுகள் ஏற்பட்டிருந்தன. இரு வைரசுக்களின் ஆர்.என்.ஏ. ஒழுங்கும் வேறுபட்டிருந்தமையால், இது பழைய தொற்றின் எச்சம் அன்று என்பது உறுதியாயிற்று. இரண்டாம் முறை அவருக்கு அறிகுறிகள் எவையும் தோன்றவில்லை.

தனி ஒருவரின் நிகழ்வு, மீள்தொற்று நிகழக்கூடியது என்பதை மட்டுமே காட்டும். அது எவ்வளவுக்கு நிகழ்கின்றது என்பதை அறியப் பெருந்தொகையானோரை ஆராய வேண்டும். இங்கிலாந்தில் 25,000 க்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2021 இல் வெளியாகியது. முன்னர் தொற்றுற்றவர்களில் மீண்டும் தொற்றும் ஆபத்து, தொற்றுறாதவர்களின் ஆபத்தை விட 84% குறைவு என அது காட்டியது. இதன் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்க. முன்னர் தொற்றுறாத குழுவில் 100 பேர் தொற்றுறும் காலத்தில், அதே அளவான முன்னர் தொற்றுற்ற குழுவில் ஏறத்தாழ 16 பேர் தொற்றுறுவர். “84 பேருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு, 16 பேருக்கு இல்லை” என எழுதுவது தவறாகும்.

6. வைரசின் விகாரங்கள்

2021 நவம்பரில் ஒமிக்ரோன் திரிபு தென்னாபிரிக்கப் பிராந்தியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. அதன் முட்புரதத்தில் மட்டும் 30 க்கும் மேற்பட்ட விகாரங்கள் காணப்பட்டன. பழைய வடிவத்துக்கென உருவான பிறபொருளெதிரிகள் புதிய வடிவத்துடன் நன்கு இணையவில்லை. கட்டார் நாட்டு ஆய்வின்படி, முன்னைய தொற்றினால் மீள்தொற்றுக்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு டெல்ரா திரிபுக்கு 92% ஆகவும் ஒமிக்ரோனுக்கு 56% ஆகவும் இருந்தது. ஆனால் ஒமிக்ரோனால் ஏற்படும் கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு ஏறத்தாழ 88% ஆகக் காணப்பட்டது. சோல்ஸ்பரி முடிவுடன் இதனை ஒப்பிடுக.

7. பிறபொருளெதிரி குறைந்தால் நிர்ப்பீடனம் அற்றுப்போகுமா?

இல்லை. தொற்றின் பின் பிறபொருளெதிரிச் செறிவு குறைவது இயல்பு. அமெரிக்காவில் 188 பேரை ஆராய்ந்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, முட்புரதத்தை இனங்காணும் ஞாபக பீ கலங்கள் ஒரு மாதத்தின் பின் இருந்ததை விட ஆறு மாதங்களின் பின் அதிகமாகக் காணப்பட்டதெனக் கூறியது. 2003 இல் சார்ஸ் நோயுற்றுக் குணமடைந்தவர்களில் 17 ஆண்டுகளின் பின்னரும் அவ்வைரசை இனங்காணும் ரீ கலங்கள் இருந்தமையைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020 இல் கண்டறிந்தனர்.

ஞாபகக் கலங்கள் மீண்டும் பெருகிச் செயற்படச் சில நாட்கள் தேவை. சின்னமுத்து வைரசு உடலிற் பரவி அறிகுறிகளைத் தோற்றுவிக்க 10 நாட்கள் அளவில் ஆகின்றன. அதற்குள் ஞாபகக் கலங்கள் அதனை அடக்கிவிடும். கொரோனா வைரசோ மூக்கின் சீதமென்சவ்விலேயே விரைவாகப் பெருகுகின்றது. எனவே ஞாபகக் கலங்கள் செயற்படுமுன் தொற்று ஏற்பட்டுவிடும். ஆயினும் அது நுரையீரலைக் கடுமையாகத் தாக்குமுன் பெரும்பாலும் கட்டுப்படுத்தப்படும்.

8. மனாவுஸ் நகரம் தரும் பாடம்

பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரில், குருதிக் கொடையாளர்களின் மாதிரிகளைக் கொண்டு 2020 ஒக்டோபர் அளவில் மக்களுள் 76% ஆனோர் தொற்றுற்றிருப்பர் என மதிப்பிடப்பட்டது. இனிப் பெரும் பரவல் ஏற்படாது என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் 2021 ஜனவரியில் நோய் மீண்டும் பெருகியது. வைத்தியசாலைகளில் ஒட்சிசன் தீர்ந்துபோனது. நோயாளர்கள் மூச்சுத்திணறி இறந்தனர்.

இதற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த காரணங்கள் நான்காகும்.
• முதல் மதிப்பீடு உண்மையை விட அதிகமாக இருந்திருக்கலாம்.
• முதல் தொற்றினாற் பெற்ற நிர்ப்பீடனம் தளர்ந்திருக்கலாம்.
• புதிய திரிபு, பழைய நிர்ப்பீடனத்துக்குத் தப்பியிருக்கலாம்.
• புதிய திரிபின் பரவும் ஆற்றல் அதிகமாக இருந்திருக்கலாம்.

நிர்ப்பீடனத்தை “உண்டு” அல்லது “இல்லை” என இரண்டாக மட்டும் பிரித்து நோக்குவதன் ஆபத்தை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. மேலும், தொற்றின் மூலம் நிர்ப்பீடனம் பெறுவதற்கு முதற்தொற்றின் ஆபத்து முழுவதையும் ஏற்க வேண்டும். தடுப்பூசி, நோயை ஏற்படுத்தாது பிறபொருளெதிரியாக்கியை மட்டும் உடலுக்கு அறிமுகப்படுத்தி அதே ஞாபகக் கலங்களை உருவாக்குகின்றது. தடுப்பூசி பெற்றவருக்கும் தொற்று ஏற்படலாம். ஆனால் கடும் நோயும் இறப்பும் பெரிதும் குறைகின்றன.

மாதிரி வினா

“ஒருவருக்கு ஒரே நோய் இரு முறை தொற்றியது. ஆகவே அவரிடம் அந்நோய்க்கு நிர்ப்பீடனம் எதுவும் உருவாகவில்லை.” இக்கூற்றை ஆராய்க.

விடையில் அடங்க வேண்டியவை:
(i) தொற்றும் நோயும் வெவ்வேறானவை எனக் குறிப்பிடல்.
(ii) பிறபொருளெதிரிகள் காலப்போக்கிற் குறைவடைதல். ஞாபகக் கலங்கள் எஞ்சுதல்.
(iii) விகாரங்களினால் முட்புரதம் மாற்றமடைதல்.
(iv) இரண்டாம் தொற்றின் கடுமை குறைவாக இருப்பதற்குப் பரிசோதனைச் சான்று ஒன்று தருதல்.
(v) கூற்று தவறானது என முடிவு கூறல்.

கவனிக்க: காரணம் கூறாது “கூற்று தவறு” என்று மட்டும் எழுதும் விடை முழுமையானதன்று. ஒவ்வொரு காரணத்துக்கும் அதற்குரிய சான்றை இணைத்து எழுதப் பழகுங்கள்.