எம். புதுப்பட்டி முதல் பொமோனா வரை: கால் மைல் ரேஸ் ஏன் ரோட்டை விட்டு ஓடுதளத்துக்குப் போனது?

எம். புதுப்பட்டி பக்கம் பட்டாசு வேலை தெரிந்த அண்ணாச்சி யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "வெடிக்குள்ள மருந்தை இறுக்கி அடைச்சு, சுத்திக் காகிதமும் ஒட்டிடுறோம். அப்புறம் உள்ள எரியுறதுக்குக் காத்து எங்கேருந்து வருது அண்ணாச்சி?"

"வெடியுப்பு எதுக்குப் போடுறோம் தம்பி? காத்து அதுக்குள்ளேயே இருக்கு" என்பார்.

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம். ஆனால், அமெரிக்காவில் 4 நொடிக்குள் மணிக்கு 530 கி.மீ. வேகத்தைத் தொடும் ரேஸ் காரின் ரகசியமும் இதேதான். எரிபொருளுக்குள்ளேயே ஆக்சிஜன்.

இந்த கார்களைப் பார்க்கவும், பழைய பாகங்கள் விற்கும் சந்தைகளில் அலையவும் உலகம் முழுவதிலிருந்தும் வண்டிப் பிரியர்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? அதில் நமக்கு என்ன பாடம்? பார்ப்போம்.

ஹாட் ராட் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், பழைய காரை வாங்கி, தேவையில்லாததையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, அதற்கு மேலான இன்ஜினைப் பொருத்திய வண்டி. 1920களிலும் 30களிலும் கலிஃபோர்னியாவில் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்கள் பழைய விலைக்கு மலிவாகக் கிடைத்தன. இளைஞர்கள் மட்கார்டைக் கழற்றினார்கள், கூரையைக் கழற்றினார்கள், எடையைக் குறைத்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கும் விலையில் வி8 இன்ஜினைக் கொண்டுவந்ததும் ஆட்டம் சூடுபிடித்தது.

ஓட்டிப் பார்க்க அவர்கள் போன இடம், முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள். அங்கே நேரம் குறித்து, விதி வகுத்து ரேஸ் நடத்த 1937இல் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய இளைஞர்களால் கூட்டம் இன்னும் பெருகியது. ஏரிப் படுகைக்கு தினமும் போக முடியாதே! அதனால் ஊர் சாலைகளிலேயே சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் சீறிப் பாய ஆரம்பித்தார்கள். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ரோட்டிலிருந்து ஓடுதளத்துக்கு...

விபத்துகள், போலீஸ் வழக்குகள், பத்திரிகைகளில் கண்டனங்கள். ஹாட் ராட் ஓட்டுகிறவன் என்றாலே பொறுக்கி என்ற பெயர். அப்போது இரண்டு விஷயங்கள் நடந்தன. 1950இல் சாண்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுதளத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கினார்கள். 1951இல், 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், தேசிய ஹாட் ராட் சங்கத்தை (என்.ஹெச்.ஆர்.ஏ.) தொடங்கினார். 1953இல் பொமோனாவில் உள்ள கண்காட்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வ ரேஸ் நடந்தது.

"ரேஸ் ஓட்டாதே" என்று மட்டும் சொல்லவில்லை. "இங்கே வந்து ஓட்டு. ஆனால், முதலில் வண்டியை பரிசோதனைக்கு நிறுத்து, ஹெல்மெட் போடு, பெல்ட் கட்டு" என்றார்கள். கண்டிப்பும் இடமும் சேர்ந்தே வந்தன. ரோட்டில் ஓடிய ஆட்டம் விளையாட்டாக மாறியது இந்த இடத்தில்தான்.

டிராக் ரேஸ் எப்படி நடக்கிறது?

வளைவே கிடையாது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு கம்பத்தில் விளக்குகள். 1963இல் வந்த இதற்கு 'கிறிஸ்துமஸ் மரம்' என்று செல்லப் பெயர். மஞ்சள் எரிந்து பச்சை விழுந்ததும் பாய வேண்டும். முந்திக்கொண்டால் சிவப்பு, ஆட்டம் அவுட்.

உச்சப் பிரிவான 'டாப் ஃபியூவல்' கார்களுக்கு 2008 முதல் தூரம் 1,000 அடியாக, அதாவது சுமார் 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஸ்காட் கலிட்டா என்ற வீரர் விபத்தில் இறந்ததை அடுத்து எடுத்த முடிவு அது. இந்த கார்களின் 8.2 லிட்டர் இன்ஜின் 11,000 குதிரைத் திறனுக்கு மேல் தருகிறது. நம் ஊர் சின்ன கார் ஒன்றின் திறன் 70, 80 என்ற அளவில்தான் இருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்படி சாத்தியம்? பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த கார்களில் ஊற்றும் நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ போதும். காரணம், அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. வெடியுப்பு செய்கிற அதே வேலை! எனவே, உள்ளே இழுக்கும் அதே அளவு காற்றில் பல மடங்கு அதிக எரிபொருளை எரிக்கலாம். அதற்கான விலையும் உண்டு. ஒரு ஓட்டம் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, அடுத்த சுற்றுக்குள் மீண்டும் கட்ட வேண்டும். அந்த வேலையைப் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்க ரசிகர்களை அனுமதிக்கிறார்கள். இந்தப் பயணம் போகிறவர்கள் தவறவிடக் கூடாத காட்சி அது.

காதை மட்டும் மறக்கக் கூடாது. இந்தியாவில் பட்டாசுச் சத்தத்துக்கு, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல் என்று வரம்பு இருக்கிறது. டாப் ஃபியூவல் கார் கிளம்பும்போது அருகில் 140 டெசிபெல்லைத் தாண்டிவிடும். காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது.

கடல் தாண்டிய வண்டிகள்

1964இல் டான் கார்லிட்ஸ், டாமி ஐவோ உள்ளிட்ட அமெரிக்க வீரர்கள் தங்கள் கார்களோடு இங்கிலாந்து போனார்கள். சிட்னி அல்லார்டு என்ற கார் தயாரிப்பாளர் அங்கே ஏற்பாடுகளைச் செய்தார். பிளாக்புஷ் போன்ற விமான ஓடுதளங்களில் ரேஸ் நடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1966இல், போர்க்கால விமானத் தளம் ஒன்று சாண்டா பாட் ரேஸ்வே ஆக மாறியது. இன்றும் ஐரோப்பிய டிராக் ரேஸின் தலைமை இடம் அதுதான்.

தனி ஆளாகப் போனவர் பர்ட் மன்ரோ. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1920ஆம் ஆண்டு மாடல் 'இந்தியன்' ஸ்கவுட் பைக்கைப் பல பத்தாண்டுகள் தன் ஷெட்டிலேயே மாற்றி மாற்றிக் கட்டினார். பிஸ்டனைக்கூடக் கையாலேயே வார்த்தார். அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் பான்வில் உப்புவெளிக்கு மீண்டும் மீண்டும் போனார். 1967இல், 68 வயதில், மணிக்கு சுமார் 296 கி.மீ. வேகத்தில் சாதனை படைத்தார்.

வெளியூர் போய்த் தொழில் பார்த்து வருவது சிவகாசிக்குப் புதுசா என்ன? 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஊரின் தலையெழுத்தே மாறியது. நல்ல பயணம் என்பது பொருளை மட்டும் வாங்கி வருவதல்ல, முறையையும் கற்று வருவது.

ஸ்வாப் மீட்: அமெரிக்கப் புதுப்பேட்டையா?

கிட்டத்தட்ட அப்படித்தான். சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த உலகம் உடனே புரிந்துவிடும். வித்தியாசம், இங்கே நிரந்தரக் கடை. அங்கே குறிப்பிட்ட நாளில் மைதானத்தில் கூடும் சந்தை. வியாபாரி மட்டுமல்ல, வீட்டு ஷெட்டைக் காலி பண்ணும் தாத்தாவும் துணி விரித்து கார்புரேட்டர் விற்பார். பணம் கொடுத்தும் வாங்கலாம், பாகத்துக்குப் பாகம் மாற்றியும் கொள்ளலாம். 'ஸ்வாப்' என்றாலே அதுதானே!

பொமோனாவில் ஆண்டுக்குப் பல முறை ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை கூடுகிறது. விடியும் முன்பே டார்ச் லைட்டோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷியில் அக்டோபரில் நடப்பது பழைய கார் உலகின் மாபெரும் சந்தைகளில் ஒன்று, 1950களிலிருந்து நடக்கிறது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

• சந்தைத் தேதியையும் ரேஸ் தேதியையும் பொருத்திப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். விசாவுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

• பெட்ரோல் வாடை அடிக்கும் கார்புரேட்டர், டேங்க் போன்றவற்றை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

• வரியில்லா வரம்பைத் தாண்டினால் சுங்க வரி உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள்.

• காரையே வாங்கிவிடலாம் என்ற ஆசை வரும். இந்திய விதிப்படி, பழைய கார் இறக்குமதிக்குத் தயாரித்து 3 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். வலது பக்க ஸ்டீயரிங்கும் வேண்டும். விண்டேஜ் கார்களுக்குத் தனி விதிகள். முன்பணம் கொடுக்கும் முன் சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

நம்ம ஊரில் இது இருந்ததா?

இருந்தது! சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950களில் தொடங்கி 1980களின் இறுதி வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. கலிஃபோர்னியாவில், இங்கிலாந்தில் நடந்த அதே கதை. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, சொந்தக் கையால் ரேஸ் கார் கட்டியவர்கள் சோழவரத்தில் ஓட்டினார்கள்.

அந்தக் கைவேலையின் அடுத்த கட்டம் கோவையின் எஸ். கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரான கோவை நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான்.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படும் அதே தடத்தின் நேர்ப்பகுதியில், தேசிய பைக் டிராக் ரேஸ் போட்டிகள் நடந்திருக்கின்றன. சிவகாசியிலிருந்து சுமார் 500 கி.மீ. தொலைவு. அமெரிக்காவுக்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட்டில் பார்த்துவிடக் கூடியது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பொது இடத்தில் அனுமதியின்றி ரேஸ் ஓட்டினால், முதல் முறைக்கே ரூ.5,000 வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. ஆக, ஹாட் ராட் மாதிரி வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட இங்கே வழியில்லை. ரேஸ் தடத்தில், ரேஸ் வண்டியாக மட்டும் ஓட்டலாம். அதற்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு (எஃப்.எம்.எஸ்.சி.ஐ.) தரும் உரிமம் தேவை.

சரி, இதில் என்ன பாடம்?

1970இல் டான் கார்லிட்ஸின் காரில் கியர் பகுதி வெடித்துச் சிதறியது. வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அதுவரை இன்ஜின் முன்னால், ஓட்டுநர் பின்னால் என்றுதான் கார் கட்டினார்கள். மருத்துவமனையில் படுத்திருந்தபோதே இதை மாற்ற நினைத்தார் அவர். இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிய காரில், 1971இல் பொமோனாவில் வென்றும் காட்டினார். அதற்குப் பின் டாப் ஃபியூவல் கார்கள் எல்லாமே அப்படி மாறின.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஒரு அறையில் இத்தனை பேர்தான், அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம், கையிருப்பு மருந்து இவ்வளவுதான் என்ற விதிகள் ஏட்டில் இருந்தால் போதாது, ஷெட்டில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேகமும் அப்படித்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு ராத்திரியில் பைபாஸில் பைக்கை முறுக்கும் பையனிடமும் 1940களின் கலிஃபோர்னியா இளைஞனிடமும் இருப்பது ஒரே ஆசை. அந்த இளைஞனுக்கு ஓர் ஓடுதளமும், வண்டியைப் பரிசோதிக்க ஒரு மெக்கானிக்கும், நேரம் குறிக்க ஒரு கடிகாரமும் கிடைத்தன. தென் மாவட்டத்துப் பையனுக்கு அது 500 கி.மீ. தள்ளி இருக்கிறது. பொமோனா போய்த் திரும்புகிறவர்கள் பையில் என்ன பாகம் கொண்டு வந்தாலும் சரி, அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தால் நல்லது. அதற்கு சுங்க வரி கிடையாது.