ரானுக்கு ஓட்டுப் போடுங்க!

போன மாசம் ஒரு சாயங்காலம். பள்ளியிலிருந்து வந்த என் பத்து வயது மகள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, நான் ஸ்கூல் கவுன்சில் எலக்‌ஷன்ல நிக்கப்போறேன்" என்றாள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அது என் குரலே இல்லை. விருதுநகரில் இருக்கும் என் அப்பாவின் குரல்.

எங்கள் வீட்டில் மாணவர் அரசியல் என்றால் ஏன் அவ்வளவு பயம் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது: 1,285. 1967 சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றுப்போன ஓட்டு வித்தியாசம் அது. தோற்கடித்தவர் திமுகவின் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர். பஜாரில் வத்தல் கடை வைத்திருந்த என் தாத்தா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம். "பள்ளிக்கூடம் தெறந்து சோறு போட்ட மனுசனப் படிக்கிற பயலுகளே தோக்கடிச்சிட்டானுவ" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பத்து வயதுப் பையனாக இருந்த என் அப்பாவுக்கு அதுவே சட்டமாகிவிட்டது. படிக்கப் போன எடத்துல படிப்பு மட்டும்.

அந்தச் சட்டத்துக்கு நான் படித்த இன்ஜினீயரிங் காலேஜ் ரொம்ப வசதி. அங்கே எலக்‌ஷன் கிடையாது, செலக்‌ஷன்தான். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடக்கச் சலிக்காதவன் எவனோ, அவன்தான் வகுப்புப் பிரதிநிதி. நாலு வருஷத்தில் நாங்கள் நடத்திய ஒரே போராட்டம் ஹாஸ்டல் சாம்பாருக்கு எதிராக. அதையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் நடத்தினோம்.

இப்படி வளர்ந்தவன் 2009 செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வந்து இறங்கினேன். ஆறு மாசம் ஒழுங்காகத்தான் இருந்தேன். மார்ச்சில் வந்தது ஸ்டூடண்ட்ஸ் யூனியன் தேர்தல்.

லெக்சர் தொடங்க இரண்டு நிமிஷம் முன்னால் ஒரு ஆள் வாழைப்பழ வேஷத்தில் உள்ளே வருகிறான். பேராசிரியர் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார். பழம் மைக்கைப் பிடித்து, "என்னைத் தேர்ந்தெடுத்தால் லைப்ரரியில் கூடுதலாக மைக்ரோவேவ் வைப்பேன்" என்கிறது. கைதட்டல். பழம் போய்விடுகிறது, பேராசிரியர் அல்காரிதம் எடுக்க ஆரம்பிக்கிறார். நம்ம ஊரில் வேட்பாளர் வாழைப்பழம் வாங்கிக்கொடுப்பார், இங்கே வேட்பாளரே வாழைப்பழம்.

எனக்குப் பிடிபடாத ஒரே ஆள் ரான். எல்லாப் பதவிக்கும் நிற்கிறார், தலைவருக்கும் ரான், பொருளாளருக்கும் ரான். போஸ்டரில் படம் இல்லை. "ரான் எந்த டிபார்ட்மென்ட்?" என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள். கடைசியில் விளக்கியவன் எங்கள் ஃப்ளாட்டில் எதிர் ரூம் தம்பி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது லண்டன். "அண்ணா, அது ஆள் இல்லை. ரீ-ஓப்பன் நாமினேஷன்ஸ். நிக்கிற ஒருத்தரையும் பிடிக்கேல்லை எண்டா ரானுக்குப் போடுங்கோ. ரான் வெண்டா திரும்ப முதல்லயிருந்து எலக்‌ஷன்."

அசந்துபோனேன். நம் ஊரில் நோட்டா வந்ததே 2013-ல்தான். அதுவும் நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும் அடுத்து நிற்கிறவர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். இங்கே ரானுக்கு நிஜமாகவே பல் இருக்கிறது. அது மட்டுமா, ஒருத்தருக்கு மட்டும் குத்தாமல் 1, 2, 3 என்று வரிசையாகப் போடும் முறை. கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இதைவிட அழகான லூப் கிடையாது. 2011-ல் இதே மாதிரி ஒரு முறையை நாடாளுமன்றத் தேர்தலுக்கும் கொண்டுவரலாமா என்று பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் வேண்டாம் என்றார்கள். மைக்ரோவேவ் மந்திரியைத் தேர்ந்தெடுக்க ஆகிற முறை பிரதம மந்திரிக்கு ஆகாது போல.

தமிழ் சொசைட்டி தேர்தலையும் சொல்லியாகணும். மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். சென்னை அணி, லண்டன் யாழ்ப்பாண அணி, மலேசிய அணி, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரே ஒரு பெண், அவர் தனி அணி. பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலா பிரியாணியா என்பதுதான் கொள்கைப் பிரச்சினை. தலைவர் பதவிக்கு நாலு பேர் அடித்துக்கொண்டோம், பொருளாளர் பதவிக்கு ஒருத்தரும் இல்லை. எக்செல் தெரியும் என்ற குற்றத்துக்காக அது என் தலையில் விழுந்தது. இதை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

ஏப்ரலில் தம்பி ஒரு ஃபாரத்தோடு வந்தான். "அண்ணா, மே ஆறாம் தேதி எலக்‌ஷன். நீங்கள் ரெஜிஸ்டர் பண்ணிட்டீங்களோ?"

"யூனியன் எலக்‌ஷன் முடிஞ்சிருச்சேப்பா."

"இது நாட்டு எலக்‌ஷன்."

ஸ்டூடண்ட் விசாவில் ஏழு மாசம் முன்னால் வந்தவன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நிஜம். இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் ஓட்டு உண்டு. இன்றைக்கும் அப்படித்தான். அஞ்சு வருஷமாக இங்கேயே இருந்த எங்கள் ஜெர்மன் ஃப்ளாட்மேட்டுக்கு உள்ளூர் கவுன்சிலுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் மட்டும்தான் ஓட்டு. "உன்னை நாங்க ஆளாம விட்டது எங்க தப்பு" என்று அவனைப் பார்த்து ஒரு இங்கிலீஷ்காரப் பையன் சொன்னான்.

நான் இழுத்தேன். விசாவில் பிரச்சினை வருமோ, நமக்கெதுக்கு இதெல்லாம் என்றேன். எப்போதும் கிண்டலடிக்கிற தம்பி அன்றைக்குச் சிரிக்கவில்லை. "போன வருஷம் ஏப்ரல்ல பார்லிமென்ட் ஸ்கொயரில நாங்கள் இருந்தனாங்கள். எழுபத்து மூண்டு நாள் அந்தப் போராட்டம் நடந்தது. அம்மா, அம்மம்மா எல்லாரும் ரோட்டில. உள்ள இருந்த ஆக்கள் எங்களைக் கடந்துதான் போய் வந்தவை. வோட் இருக்கிற ஆள் அதைச் சும்மா வச்சிருந்தா எனக்குக் கோவம் வரும் அண்ணா." ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவும் அவனுடையதுதான்.

நாங்கள் இருந்தது ஷெஃபீல்டு ஹாலம் தொகுதி. அதன் எம்.பி. லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக். முதன்முதலாக டி.வி.யில் நடந்த தலைவர்கள் விவாதத்தில் வெளுத்து வாங்கி, ஒரே ராத்திரியில் ஹீரோ ஆகியிருந்தார். கல்விக் கட்டண உயர்வை எதிர்த்தே ஓட்டுப் போடுவோம் என்று மாணவர் சங்கத்தின் உறுதிமொழி அட்டையில் அவர் கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, கேமராவுக்குக் காட்டினார்கள். கேம்பஸ் கிறங்கிப்போய்க் கிடந்தது. எனக்கு மட்டும் உள்ளூர ஒரு சிரிப்பு. உள்நாட்டுப் பிள்ளைகள் அப்போது வருஷத்துக்குக் கட்டியது சுமார் 3,200 பவுண்ட். எங்க அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து எனக்குக் கட்டியது அதைப்போல நாலு மடங்கு. அதுக்கு எவரும் அட்டை தூக்கவில்லை.

இருந்தும் கிளெக்குக்குத்தான் போட்டேன். ஊர்ப் பழக்கம், காலை ஏழு மணிக்கே போய் நின்றுவிட்டேன். லீவு கிடையாது, போலீஸ் கிடையாது, விரலில் மை கிடையாது. அந்தக் காலத்தில் அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. ஒரு சீட்டு, நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சில்! ரப்பர் வைத்து அழித்துவிட்டால் என்ன செய்வார்கள் என்ற கவலையோடுதான் வெளியே வந்தேன்.

அன்று இரவு ஷெஃபீல்டு, மான்செஸ்டர், லண்டன் என்று பல இடங்களில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், பத்து மணி அடித்ததும் வரிசையில் நின்றவர்களையே திருப்பி அனுப்பினார்கள். எங்கள் தொகுதியில் மாணவர்களுக்குத் தனி வரிசை, ஊர்க்காரர்களுக்குத் தனி வரிசை என்று பிரித்ததாகச் செய்தி வந்தது. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போன எங்கள் ஃப்ளாட் பையன்கள் இரண்டு பேர் ஓட்டுப் போடாமலே திரும்பி வந்தார்கள். பத்து மணிக்கு வரிசையில் நிற்பவர்களும் போடலாம் என்று பிறகு 2013-ல் சட்டத்தையே மாற்றினார்கள்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாருக்கும் பெரும்பான்மை இல்லை, கிளெக் கன்சர்வேட்டிவ் கட்சியோடு சேர்ந்து துணைப் பிரதமர் ஆனார். டிசம்பர் 9 அன்று கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் 323-க்கு 302 என்று ஜெயித்தது. அட்டை தூக்கிய கட்சி மூன்றாகப் பிரிந்தது. சிலர் ஆதரவு, சிலர் எதிர்ப்பு, சிலர் அந்தப் பக்கமே வரவில்லை. தம்பி போனில், "அண்ணா, உங்கட ஃபீஸ் பக்கம் நாங்களும் வாறம்" என்றான். 2012-ல் கிளெக் மன்னிப்புக் கேட்ட வீடியோவை யாரோ பாட்டாக மாற்றிவிட, அது ஊரெல்லாம் ஓடியது. அதை விற்கவும் அவரே அனுமதி கொடுத்தார், பணம் ஷெஃபீல்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. 57 சீட் வைத்திருந்த கட்சி 2015-ல் 8 சீட்டுக்கு வந்தது, 2017-ல் ஹாலம் அவரையும் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் ஃபேஸ்புக்கில் பெரிய பதவி. கம்ப்யூட்டரில் மாஸ்டர்ஸ் படித்த நான் ஃபேஸ்புக்குக்கு மூன்று முறை அப்ளை பண்ணி பதில்கூட வரவில்லை. நான் ஓட்டுப் போட்டவருக்காவது கிடைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. தம்பி ஒவ்வொரு முறையும் காலையில் மெசேஜ் போட்டுவிடுவான், "போட்டாச்சோ?" இப்போது போட்டோ அடையாளம் கட்டாயம். முதியோர் பஸ் பாஸ் செல்லும், மாணவர் பயண அட்டை செல்லாது. யூனிவர்சிட்டியில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் பாஸ்போர்ட்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்க. 16 வயதிலேயே ஓட்டுரிமை தரப்போவதாக 2025-ல் அரசு அறிவித்துவிட்டது. என் மகளுக்கு இன்னும் ஆறே வருஷம்.

அவளை நிற்க விட்டேன். டாய்லெட் கதவுக்கு ஒழுங்கான தாழ்ப்பாள் என்பது வாக்குறுதி. வேஷம் எதுவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தோற்றுவிட்டாள். இரவு முழுக்க முகம் தொங்கிக் கிடந்தது. மறுநாள் வாட்ஸப்பில் அப்பா. அவருக்கு யார் சொன்னார்களோ, என் மனைவியாகத்தான் இருக்கணும். திட்டு விழப்போகிறது என்று நான் போனோடு சமையல்கட்டுக்கு நகர்ந்தேன்.

"அவகிட்ட குடுடா" என்றார். கொடுத்தேன்.

"ஏத்தா, எலக்‌ஷன்ல நின்னியாமே? எத்தன ஓட்டுல போச்சு?"

"மூணு தாத்தா."

"மூணுதானா!" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார், "மறுபடி எண்ணச் சொன்னியா?"