ஓநாய் எத்தனை இருக்கலாம்? விஸ்கொன்சின் வேட்டைக்காரர்களின் இரண்டு பதில்கள்

2021 பெப்ரவரி 22ஆம் திகதி அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஓநாய் வேட்டை தொடங்கியது. ஒரு வாரம் நடக்கவிருந்த வேட்டை மூன்று நாட்களுக்குள் நிறுத்தப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை 119 ஓநாய்கள். கொல்லப்பட்டவை 218.

ஓநாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது காட்டுயிர் நிபுணர்களின் வேலை என்றே நினைப்போம். விஸ்கொன்சினில் அது யாருடைய காடு, யாருடைய பங்கு என்ற கேள்வியாகிவிட்டது.

1865 முதல் 1957 வரை அங்கு ஓநாயைக் கொன்றவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. 1960 அளவில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1970களில் அயல் மாநிலமான மினசோட்டாவிலிருந்து அவை தாமாகவே திரும்பி வந்தன. 1999இல் மாநில அரசு வகுத்த திட்டம் 350 ஓநாய்களை இலக்காக வைத்தது. 2020 கணக்கெடுப்பின்படி குறைந்தது 1,034 ஓநாய்கள் இருந்தன.

வேட்டைக்காரர்கள் பலரின் வாதம் இங்கிருந்தே தொடங்குகிறது. 350 என்பது அரசு தந்த வாக்கு, அது காப்பாற்றப்படவில்லை என்கிறார்கள். மான்கள் குறைகின்றன, கரடி வேட்டைக்குக் கொண்டுபோகும் நாய்களை ஓநாய்கள் கொல்கின்றன, பண்ணையாளர்கள் கன்றுகளை இழக்கிறார்கள் என்பவை அவர்களது முறைப்பாடுகள். கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு 2,500 டொலர் வரை அரசு நட்டஈடு கொடுக்கிறது. ஆனால் பல வருடங்கள் பழக்கிய நாய்க்குப் பணம் ஈடாகாது என்கிறார்கள். சட்டபூர்வ வேட்டை இருந்தால் மக்கள் ஓநாயைச் சகித்துக்கொள்வார்கள், இல்லையேல் களவாகச் சுடுவார்கள் என்பது இன்னொரு வாதம். இதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை.

2021 ஜனவரியில் ஓநாய்க்கான சமஷ்டிச் சட்டப் பாதுகாப்பு நீங்கியது. மாநில இயற்கை வளத் திணைக்களம் நவம்பரில் வேட்டையை நடத்தத் திட்டமிட்டது. கன்சாஸைத் தளமாகக் கொண்ட 'ஹன்டர் நேஷன்' என்ற அமைப்பு வழக்குத் தொடர, வேட்டையை உடனே நடத்துமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. வழமையாக ஒதுக்கப்படும் ஓநாய் ஒன்றுக்கு 10 அனுமதிப்பத்திரங்கள், அம்முறை 20. வேட்டையை நிறுத்துவதற்கு 24 மணிநேர முன்னறிவித்தல் தேவை என்று சட்டம் சொல்கிறது. புதிய பனியில் கால்தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. கொல்லப்பட்டவற்றில் 86 வீதமானவை நாய்களின் உதவியுடன் வேட்டையாடப்பட்டவை. அது ஓநாய்களின் இனப்பெருக்க காலமும்கூட.

இந்த மண்ணில் இன்னொரு வேட்டைச் சமூகமும் உண்டு. ஒஜிப்வே பழங்குடியினர் மான் வேட்டையையும் மீன்பிடியையும் நம்பி வாழ்ந்தவர்கள். 1837, 1842ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் தமது நிலங்களை விட்டுக்கொடுத்தபோதும், அங்கு வேட்டையாடும் உரிமையைத் தம்வசம் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமையை மறந்துபோன மாநிலத்துக்கு 1983இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நினைவூட்டியது.

அந்த அடிப்படையில் 2021இல் மொத்த ஒதுக்கீடான 200 ஓநாய்களில் 81 ஒஜிப்வே மக்களுக்கு உரியவை. அவர்கள் ஒன்றையும் சுடவில்லை. 'மாயிங்கன்' என்று அவர்கள் அழைக்கும் ஓநாய், அவர்களது தோற்றக் கதையில் முதல் மனிதனின் சகோதரன். ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கும் நேரும் என்பது அக்கதையின் நம்பிக்கை. தமது பங்கை உயிரோடு விட்டுவைப்பதும் தமது உரிமையே என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் மற்றவர்கள் கொன்ற 218, இரு தரப்புக்குமான மொத்தத்தையே தாண்டிவிட்டது.

அதே ஆண்டு இலையுதிர்கால வேட்டைக்குத் திணைக்களம் பரிந்துரைத்தது 130. மாநில இயற்கை வளச் சபை 300 என்றது. ஆறு ஒஜிப்வே சமூகங்கள் சமஷ்டி நீதிமன்றத்துக்குச் சென்றன. சூழலியல் அமைப்புகள் தொடுத்த இன்னொரு வழக்கில் மாநில நீதிபதி ஒருவர் அவ்வேட்டையைத் தடுத்தார். 2022 பெப்ரவரி 10ஆம் திகதி கலிபோர்னியாவில் வழங்கப்பட்ட தீர்ப்பொன்று சமஷ்டிப் பாதுகாப்பை மீட்டது.

2023இல் வந்த புதிய மாநிலத் திட்டத்தில் 350 என்ற இலக்கு இல்லை. ஏறத்தாழ 800 முதல் 1,200 வரையான அளவையே அது பேசுகிறது. இதை ஏற்காத வேட்டைக்காரர்கள் திட்டவட்டமான எண்ணைக் கேட்கிறார்கள். எந்த எண் வந்தாலும் ஒரு கேள்வி மீதியாக இருக்கும்: தன் பங்கைக் கொல்லாமல் விட விரும்பும் மக்களின் உரிமை அந்த எண்ணுக்குள் எப்படிக் கணக்கிடப்படும்?