துணி துவைக்கிற மெஷினையும் துவைக்க வேண்டும்

துவைத்துக் காயவைத்து மடித்து வைத்த துண்டு. கையில் எடுக்கும்போது நல்ல மணம்தான். குளித்துவிட்டு முகத்தைத் துடைத்ததும், ஈரம் பட்ட இடத்திலிருந்து ஒரு சிக்கு வாடை கிளம்புகிறது. உடனே சோப்புத்தூளை மாற்றுவோம், இல்லையென்றால் இன்னும் ஒரு மூடி லிக்விட் கூடுதலாக ஊற்றுவோம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். வாடை கூடியதே தவிரக் குறையவில்லை.

ரப்பர் வளையத்துக்குள்ளே

ஒரு நாள் எங்கள் ஃப்ரண்ட் லோட் மெஷினின் கதவைத் திறந்து, சாம்பல் நிற ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தேன். அடியில் கலங்கலாகத் தேங்கிய தண்ணீர். அதில் துருப்பிடித்த ஊக்கு ஒன்று, தலைமுடிச் சுருள். மடிப்பு நெடுக வழவழவென்று கறுப்பாக ஒட்டிய பிசுக்கு. கையைக் கழுவிய பிறகும் விரலில் அதே துண்டு வாடை.

கரையாத சோப்பு, உடம்பின் எண்ணெய்ப்பசை, துணிப்பஞ்சு ஆகியவற்றை உண்டு வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும் கட்டிய படலம் அது. கூடுதல் சோப்பு அவற்றுக்குக் கூடுதல் தீனி. ஈரத்துணி வாடைக்கு மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதனால் ஒன்றும் ஆகாது. பச்சிளங்குழந்தைகள், ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் அப்படி விட்டுவிட முடியாது. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், பச்சிளங்குழந்தைகளின் உடலில் கிளெப்சியெல்லா கிருமி திரும்பத் திரும்பத் தென்பட்டது. தேடிப் போனால், அவர்களின் தொப்பியும் காலுறையும் துவைத்த வீட்டு ரக மெஷினின் ரப்பர் வளையத்திலும் சோப்புப் பெட்டியிலும் அதே கிருமி இருந்தது. நல்லவேளையாக எந்தக் குழந்தைக்கும் நோய் வரவில்லை. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதை வெளியிட்டார்கள்.

துணி வழியாகவும் பரவும் படர்தாமரை நம் ஊரில் பெரிய தொல்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தாலும் அவர் துணியைத் தனியாக, 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது.

எலுமிச்சை உப்பு போதும்

போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் டிரம்மிலும் ஹீட்டரிலும் வெள்ளையாக உப்பு படியும். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றாதீர்கள். ஒரு பழத்தில் சிட்ரிக் அமிலம் ஓரிரு கிராம்தான், சக்கையும் விதையும்தான் பம்பில் போய் அடைக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலத் தூள்தான்) 100 கிராமைக் காலி டிரம்மில் போட்டு, 60 டிகிரியில் நீண்ட சுற்று ஓட்டுங்கள். ஹீட்டர் இல்லாத டாப் லோடில் நல்ல சூடான தண்ணீரை (கொதிக்கக் கொதிக்க வேண்டாம்) ஊற்றி, சிறிது நேரம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வினிகர் என்றால் இரண்டு கப். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். அமிலம் அடிக்கடி பட்டால் ரப்பர் கெட்டுப்போகும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். நுரை பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ரப்பர் மடிப்பையும் சோப்புப் பெட்டியையும் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். கிருமியை ஒழிப்பதில் பெரும் பங்கு இந்தத் தேய்ப்புக்கும் வெந்நீருக்கும்தான்.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ வினிகருடனும் எலுமிச்சை உப்புடனும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

ஈரம் தங்கவே கூடாது

மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே உள்ள ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். துவைத்து முடித்ததும் துணியை உடனே எடுத்து வெயிலில் போட்டு, ரப்பர் வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கதவையும் சோப்புப் பெட்டியையும் சற்றே திறந்து வையுங்கள். தவழும், நடக்கும் குழந்தை இருக்கும் வீடென்றால், அது திறந்த மெஷினுக்குள் ஏறிவிடாதபடி, மெஷின் இருக்கும் அறையின் கதவைத் தவறாமல் தாழிடுங்கள்.