கப்பு அடிக்குதா உங்க டாமி?

காலேஜ் முடிஞ்சு வீட்டுக்குள்ள காலை வெச்சதும், வாலை ஹெலிகாப்டர் மாதிரி சுத்திக்கிட்டு மேல தாவுற ஒரே ஜீவன் உங்க நாய்தான். 'வாடா செல்லம்'னு கட்டிப்பிடிச்ச ரெண்டாவது செகண்ட்... குப்புனு ஒரு வாடை! உள்ளேயிருந்து அம்மாவோட குரல் வேற. ''ஒண்ணு அந்த நாயை மொட்டை மாடியில கட்டு. இல்லைன்னா நீயும் அதுகூட அங்கேயே படு!''

நிறைய வீடுகளில் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஹாலில் இருந்த நாய் முதலில் வாசலுக்குப் போகும். அப்புறம் மொட்டை மாடி. சில வீடுகளில் அடுத்த ஸ்டாப், ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ரோடு. பாவம், அது செய்த ஒரே குற்றம் நாறினது!

'நாய்னா நாறத்தான் செய்யும்'னு விட்டுடறதும் சரி, வாரம் மூணு தடவை சோப்பு போட்டுத் தேய்க்கிறதும் சரி, ரெண்டுமே வேலைக்கு ஆகாது பாஸ். வாடை எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. பாதிப் பிரச்னை அங்கேயே முடிஞ்சுடும். சில சமயம் அந்த வாடைதான் 'எனக்கு உடம்பு சரியில்லை'னு அது உங்களுக்கு அனுப்புற எஸ்.எம்.எஸ்!

நாய்க்கு வேர்க்குமா?

நமக்கு வேர்க்கிற மாதிரி நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. அந்த மாதிரி வேர்வைச் சுரப்பிகள் அதுக்கு பாதத்தில் மட்டும்தான் இருக்கு. சூட்டைத் தணிக்கத்தான் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குது. அப்புறம் எங்கேயிருந்து வாடை?

நாயோட தோலில் எண்ணெய்ப் பசை சுரந்துக்கிட்டே இருக்கும். ரோமம் பளபளன்னு இருக்கவும், தோல் வறண்டு போகாம இருக்கவும் அது தேவை. இந்த எண்ணெயையும் செத்த தோலையும் தின்னு வாழ, பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தோலில் ஒரு கூட்டுக்குடும்பமே நடத்துது. அதுங்க வெளியேத்துற சமாச்சாரம்தான் நாம சொல்ற 'நாய் வாடை'. அளவா இருந்தா அது நார்மல். இன்னொரு நாய்க்கு அதுதான் ஐ.டி. கார்டு!

மழையில் நனைஞ்சா மட்டும் ஏன் அப்படி ஒரு நாத்தம்? ரோமம் காய்ஞ்சிருக்கும்போது அந்த வாடைப் பொருட்கள் அங்கேயே ஒட்டிக்கிட்டு சும்மா கிடக்கும். தண்ணி பட்டதும் கழண்டு, ஆவியோட சேர்ந்து நம்ம மூக்குக்கு வந்துடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாய் வீடே கமகமக்குற ரகசியம் இதுதான்.

இனத்துக்கு இனம் விஷயம் மாறும். லாப்ரடார், சைபீரியன் ஹஸ்கிக்கெல்லாம் ரோமம் ரெண்டு அடுக்கு. சென்னைப் புழுக்கத்தில் உள் அடுக்கு லேசில் காயாது. நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு ஒட்ட வெட்டின மாதிரி குட்டை ரோமம். துவட்டினா அஞ்சு நிமிஷத்தில் காய்ஞ்சுடும். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டாங்க. நாய் வாங்கற ஐடியா இருந்தா, நம்ம ஊர்க்காரனையும் லிஸ்ட்டில் சேருங்க!

மூக்கை வெச்சு ஒரு இன்வெஸ்டிகேஷன்!

ஞாயித்துக்கிழமை காலையில் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஒரு ரவுண்டு மோப்பம். நாய் மட்டும்தான் மோப்பம் பிடிக்கணுமா என்ன?

காது: லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் மாதிரி தொங்கு காதுக்காரங்களுக்கு உள்ளே காத்தே போகாது. ஈரம் தங்கி, ஈஸ்ட் பெருகும். புளிச்ச மாவு வாடை, பிரவுன் கலர் அழுக்கு, அடிக்கடி தலையை உதறுறது... இது மூணும் இருந்தா காதில் இன்ஃபெக்‌ஷன். பட்ஸை விட்டுக் குடையாதீங்க. அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

வாய்: மூணு வயசைத் தாண்டின பெரும்பாலான நாய்களுக்கு ஈறு பிரச்னை கொஞ்சமாவது இருக்கும். காரை படிஞ்ச பல்தான் வாய் நாத்தத்துக்கு முதல் காரணம். ஆனா, மூச்சில் பழம் மாதிரி தித்திப்பு வாடை வந்தா சர்க்கரை நோயா இருக்கலாம். மூத்திர வாடை அடிச்சா கிட்னியைக் கவனிக்கணும். ரெண்டுக்கும் உடனே டாக்டர்தான்.

தோல் மடிப்பு: 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் குட்டிப் பையன் பின்னாடியே ஓடி பட்டிதொட்டியெல்லாம் ஃபேமஸ் ஆச்சே பக், அதோட மூஞ்சியில் இருக்கிற சுருக்கம்தான் அதோட அழகு. வாடை ஒளிஞ்சுக்கிற இடமும் அதேதான். எச்சில், சோத்துப் பருக்கை, கண்ணீர் எல்லாம் மடிப்புக்குள்ளே தங்கிடும். தினமும் ஈரத் துணியால் துடைச்சு, காய்ஞ்ச துணியால் ஒரு தடவை ஒத்தி எடுங்க. கழுத்துப் பட்டைக்கு அடியிலும் இதே கதைதான்.

பாதம்: லேசா பாப்கார்ன் வாடை வந்தா பயப்படாதீங்க. வேர்வையும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யுற வேலை. விரல் நடுவுல சிவந்து, நக்கிக்கிட்டே இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டணும்.

பின்பக்கம்: சிரிக்காதீங்க, இதுதான் நிறைய கேஸில் குற்றவாளி! ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும், கடிகாரத்தில் 4-ம் 8-ம் இருக்கிற இடத்தில், ரெண்டு குட்டிப் பைகள் இருக்கு. அதில் சுரக்கிற திரவம் அழுகின மீன் மாதிரி நாறும். வழக்கமா மலம் போகும்போது தானா வெளியேறிடும். அடைச்சுக்கிட்டா, நாய் பின்பக்கத்தைத் தரையில் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே போகும். இதைப் பார்த்துட்டு, எத்தனை ஷாம்பு போட்டாலும் பிரயோஜனம் இல்லை. டாக்டர் ரெண்டு நிமிஷத்தில் அந்தப் பையைக் காலி பண்ணிடுவார்.

குளியல் கிளாஸ்!

ஆரோக்கியமான நாய்க்கு மூணு, நாலு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். அதுக்கு மேல போனா, எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறண்டு அரிக்கும். சொறிஞ்சு புண்ணாகும். புண்ணில் கிருமி வரும். கடைசியில் முன்னைவிட நாறும்!

நம்ம தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. பி.ஹெச். அளவு 5.5-க்குப் பக்கத்தில். நாயோட தோல் கிட்டத்தட்ட 7-ஐ ஒட்டி இருக்கும். அதனால நம்ம சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம். நாய்க்கான ஷாம்பு வாங்குங்க.

முதலில் நல்லா சீவுங்க. உதிர்ந்த ரோமம் போனால்தான் தண்ணி தோல் வரைக்கும் போகும். காதில் தண்ணி போகாம பாத்துக்கங்க. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் ஷாம்பு, நுரை துளிகூட இல்லாம அலசல். கடைசியாத்தான் முக்கியமான கட்டம்: முழுசா காய வைக்கிறது. அரைகுறையா துவட்டிவிட்டால் குளிப்பாட்டினதே வேஸ்ட். ஹேர் டிரையர் இருந்தா, சூடு இல்லாத காத்தில் காட்டுங்க.

வாரம் ரெண்டு, மூணு தடவை சீவினாலே வாடை நல்லாக் குறையும். இன்னொரு மேட்டர்... நாயை மட்டும் குளிப்பாட்டிட்டு, அது படுக்கிற பழைய பெட்ஷீட்டை மறந்துடாதீங்க. வாரம் ஒரு தடவை துவைச்சு, மொட்டை மாடி வெயிலில் போடுங்க. கழுத்துப் பட்டையையும் சேர்த்துத்தான்.

தடா போடுங்க!

* உங்க பாடி ஸ்பிரே: நம்ம மூக்கில் வாடையை உணர்ற செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல. நமக்கு 'வாவ்' வாசனை, அதுக்கு டார்ச்சர்.

* ஃபினாயில்: தரை துடைக்க மட்டும். குளிக்கிற தண்ணியில் ஊத்தினா தோல் வெந்துபோகும். நக்கினா விஷம்.

* கற்பூரம், அந்துருண்டை: படுக்கையில் போடவே கூடாது. ரெண்டுமே நாய்க்கு விஷம்.

* நம்ம டூத் பேஸ்ட்: அதுக்குத் துப்பத் தெரியாது, முழுங்கிடும். சில பேஸ்ட்டிலும், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சைலிட்டால் இருக்கும். அது கொஞ்சம் போனாலே ரத்தத்தில் சர்க்கரை தடாலடியா இறங்கி, உயிருக்கே ஆபத்து.

* மொட்டை அடிக்கிறது: ஹஸ்கி மாதிரி ரெட்டை ரோமக்காரங்களுக்கு அது வெயிலிலேர்ந்து காப்பாத்துற கவசமும்கூட. வாடைக்காக வழிச்சுடாதீங்க.

ரெட் சிக்னல்!

சில வாடைகளுக்கு 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' கிடையாது. குட்டி நாய் வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து, தாங்க முடியாத நாத்தத்தோட பேதியானா அது பார்வோ வைரஸா இருக்கலாம். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. கருத்தடை பண்ணாத பெட்டை நாய்க்கு, ஹீட் முடிஞ்ச ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள கெட்ட வாடையோட கசிவு இருந்தா, கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். விட்டா உயிர் போயிடும்.

உங்க காலேஜ் கேன்டீன் வாசலில் படுத்திருக்கிற நாய்க்கும் இது பொருந்தும். அழுகின வாடையோட ஒரு இடத்தையே நக்கிக்கிட்டு இருந்தா, புண்ணில் புழு வெச்சிருக்கும். பெட்ரோலோ ஃபினாயிலோ ஊத்துறது சித்ரவதை. நீங்களே தொட்டு டிரீட்மென்ட்டும் பண்ணாதீங்க. வலியில் இருக்கிற நாய் கடிக்கும். பிராணிகளுக்கான தொண்டு அமைப்புக்குச் சொல்லுங்க. ஒருவேளை கடிச்சுட்டா, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க.

நாய்க்கு வைத்தியம் பார்க்க எங்கே போறது? 1903-ல் தொடங்கின மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியோட வேப்பேரி வளாகத்தில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் பார்க்கிறாங்க. மத்த ஊர்க்காரங்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனை இருக்கவே இருக்கு.

காது வலிக்குதுன்னோ, பல்லு ஆடுதுன்னோ நாய்க்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. அதுக்கு இருக்கிற ஒரே பாஷை வாடைதான். அடுத்த தடவை குப்புனு அடிச்சா, சங்கிலியையும் மொட்டை மாடிச் சாவியையும் தேடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, காதை ஒரு தடவை தூக்கிப் பாருங்க பாஸ்!