மஞ்சள் அட்டைப் பத்திரிகையும் மலையடிவாரத்துப் பூவும்

பழைய புத்தகக் கடைகளிலும் பள்ளி நூலகங்களிலும் மஞ்சள் கரையிட்ட அட்டையுடைய ஓர் ஆங்கிலப் பத்திரிகையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 'நேஷனல் ஜியோகிராபிக்' என்பது அதன் பெயர். எழுத்துப் படிக்க வராத பிள்ளைகூட அதன் படங்களைவிட்டுக் கண்ணை எடுக்காது. அந்தப் பத்திரிகையின் வரலாற்றில் கோப்பெங் வட்டாரத் தோட்ட மக்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

1888-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 33 பேர் கூடி ஒரு புவியியல் சங்கம் தொடங்கினார்கள். அதே ஆண்டில் அதன் பத்திரிகையும் வெளிவந்தது. தொடக்கத்தில் அதில் அறிஞர்களுக்கான கட்டுரைகளே நிறைந்திருந்தன. 1906 ஜூலை இதழில் நிலைமை மாறியது. ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் ஒரு வேட்டைக்காரர். அவர் துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவைக் கையில் எடுத்தார். இரவில் பளிச்சென்று வெளிச்சம் போட்டும் அவர் பிடித்த காட்டு விலங்குப் படங்கள் 74 அந்த இதழில் அச்சாயின. "இது படப் புத்தகமாகிவிட்டதே" என்று குறைப்பட்டு நிர்வாகிகள் இருவர் பதவி விலகினார்கள். வாசகர்களோ அதைத்தான் விரும்பினார்கள். விலங்கைக் கொல்லாமலே அதன் அழகைக் கொண்டுவரலாம் என்று உலகம் கண்டுகொண்டது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்தது. 1940-இல் மலாயா இயற்கைச் சங்கம் தோன்றி, அந்த ஆண்டிலேயே தன் இதழையும் வெளியிட்டது. இன்று அது மலேசிய இயற்கைச் சங்கம் எனப்படுகிறது. பறவை, பாம்பு, செடி, குகை ஆகியவற்றை எங்கே, எந்த நாளில் கண்டோம் என்று எழுதி வைப்பதும் அதன் வேலைகளுள் ஒன்று.

இனி, நம் பக்கத்து மலைக்கு வருவோம். கோப்பெங்கிற்குக் கிழக்கே மலையடிவாரத்தில் உலு கெரோ என்னும் செமாய் பூர்வகுடி மக்களின் கிராமம் உள்ளது. அங்குள்ள காட்டில் ரஃப்லீசியா பூக்கிறது. இதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. மாமரத்தில் புல்லுருவி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல இது ஒரு காட்டுக் கொடிக்குள்ளே மறைந்து வாழ்கிறது. பூ மட்டும் வெளியே வருகிறது. மொட்டு முதிர ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். விரிந்த பூவோ ஒரு வாரம்கூடத் தாங்காது. அழுகிய இறைச்சி போன்ற அதன் நாற்றத்துக்கு ஈக்கள் வருகின்றன. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் அருகருகே விரிந்தால்தான் ஈ மகரந்தத்தைச் சேர்க்க முடியும். ஆகவே, ஒரு மொட்டை அறுத்தால் ஒரு பூ மட்டும் போவதில்லை. மற்றொரு பூவின் வாய்ப்பும் போகிறது.

அதே இடத்தில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியும் உண்டு. கறுப்புச் சிறகில் பச்சை முக்கோணங்கள் வரிசையாக மின்னும். 1855-இல் சரவாக்கில் இதற்குப் பெயரிட்டவர் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர். ஆண் பூச்சிகள் உப்புச் சத்துள்ள ஈர மண்ணில் கூட்டமாக அமரும். அதனால் வலைக்கு எளிதில் அகப்படும்.

முன்பு இந்த மொட்டுகளும் பூச்சிகளும் இடைத்தரகர்களுக்கு விற்கப்பட்டன. சில காசுதான் கிடைத்தது. காடோ வெறுமையாகத் தொடங்கியது. பின்னர், இயற்கைச் சங்கத்தின் துணையோடு செமாய் மக்களே வழிகாட்டிகளாக மாறினார்கள். அறுத்து விற்ற பூ ஒருமுறைதான் காசு தந்தது. காட்டில் விட்டுவைத்த பூவோ, பார்க்க வருபவர்களால் மறுபடியும் மறுபடியும் வருமானம் தருகிறது. ஷைராஸ் துப்பாக்கியை மாற்றினார். இவர்கள் வலையையும் கத்தியையும் மாற்றினார்கள்.

ஆகவே பெற்றோர்களே, மூங்கில் குருத்துக்கோ கீரைக்கோ காட்டோரம் போகும்போது மொட்டைக் கண்டால் தொடாதீர்கள். யாராவது வாங்க வந்தால் மறுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கண்ட பறவையையும் பூச்சியையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.